கடலோர நகரில் விமானப் பழமை: வேலூரிலிருந்து கிளம்புகிறவர்கள் எந்த ஊருக்குப் போகலாம்?

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லும் கேலி ஒன்று உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டார். காலியான அந்த இடத்தில் 'விமானம் இல்லாத விமான நிலையம்' என்று இப்போது சேர்த்துக்கொள்கிறார்கள். அப்துல்லாபுரத்தில் இருப்பது ஆங்கிலேயர் காலத்து ஓடுதளம். சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் அது சேர்க்கப்பட்ட நாளிலிருந்து மாவட்டத்தில் விமானப் பேச்சு ஓயவில்லை. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் இந்தக் கேள்வியும் வருகிறது. நம் பக்கத்தில் பயணிகள் விமானமும் தபால் விமானமும் எப்படித் தொடங்கின, அந்த இடங்களைப் போய்ப் பார்க்க வேண்டுமானால் எந்த ஊர் சரி?

கேட்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். குடியாத்தத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியை ஒருவர். ராணிப்பேட்டையில் தபால் தலை சேர்க்கும் ஓய்வுபெற்றவர் ஒருவர். காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், கையில் காசு குறைவு, காலில் தெம்பு அதிகம். மூவருக்கும் ஒரே திட்டத்தைச் சொன்னால் இருவருக்காவது ஏமாற்றம்தான்.

நான் எடைபோடும் ஊர்கள் நான்கு: சென்னை, மும்பை, கொழும்பு, திருவனந்தபுரம். நான்கும் கடலோரம். நான்கையும் ஒரே தபால் கோடு இணைக்கிறது.

## அந்தக் கோடு

1929 மார்ச் 30 அன்று லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தபால் விமானத்தைத் தொடங்கியது. கராச்சியில் வந்து இறங்கும் கடிதங்களைத் தெற்கே கொண்டுவர ஆள் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த நெவில் வின்சென்ட் என்ற விமானியின் யோசனையை ஏற்று ஜே.ஆர்.டி. டாடா அதில் இறங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியில் புஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஏறி, அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மும்பையின் ஜுஹு சேற்றுத் திடலில் வந்து இறங்கினார். அங்கிருந்து தபாலை எடுத்துக்கொண்ட வின்சென்ட், பெல்லாரி வழியாக மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். அந்தக் கோடு 1935-இல் மும்பையிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் 1938-இல் கொழும்புக்கும் நீண்டது. பின்னாளைய ஏர் இந்தியா இதிலிருந்து முளைத்ததுதான்.

பெல்லாரிக்கும் சென்னைக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது திருப்பதிப் பக்கமாகப் போகிறது. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை திருப்பதி நம் வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம், தவறில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

விமானப் பழமைக்கும் கோயில், கோட்டைப் பழமைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கோட்டைக்குள் நுழைந்து மதிலைத் தொடலாம். விமான நிலையத்தில் பழமை எல்லாம் வேலிக்கு அந்தப்பக்கம். ஓடுபாதையை மூடிவைத்துப் பாதுகாக்கவும் முடியாது. அதன் மேலேயே புதிய ஓடுபாதை வந்துவிடும். அதனால் 'புகழ்பெற்ற இடம்' என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இரும்பு கேட் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

நான் பார்ப்பது இவற்றைத்தான். நடந்த இடத்திலேயே ஏதாவது எஞ்சியிருக்கிறதா? பொதுமக்கள் அதன் அருகில் போக முடியுமா? அங்கே சொல்லப்படுவது பயணி, தபால், சரக்கு என்ற வணிகக் கதையா, போர் விமானக் கதையா? காட்பாடியிலிருந்து போய்வர எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்? கடைசியாக, உடன் வருபவர் யார்? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம்.

## சென்னை

சென்னையில் வணிக விமானத்துக்கென்று தனி அருங்காட்சியகம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்பட வேண்டாம். ஆனால் நடந்தே பார்க்கக்கூடிய இடங்கள் சென்ட்ரலைச் சுற்றி நெருக்கமாக இருக்கின்றன.

கதை தொடங்குவது 1910-இல். கோர்சிகா தீவைச் சேர்ந்த ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். தானே வடிவமைத்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டினார். சிம்சன் அப்போது குதிரை வண்டிக்கும் மோட்டாருக்கும் கூண்டு கட்டிய நிறுவனம். அந்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறந்து சோதித்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். இந்தியாவில் முதலில் பறந்தது யார் என்ற வழக்கில் இவர் பெயரும் உண்டு. அலகாபாத்தும் கல்கத்தாவும் தங்கள் கணக்கைக் காட்டுகின்றன, ஆனால் அவை அதே ஆண்டின் டிசம்பரைச் சேர்ந்தவை. முதலில் பறந்தது யாராகவும் இருக்கட்டும். ஓட்டல்காரர் டிக்கெட் போட்டு விமானம் காட்டினார் என்பதால் வணிகக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது.

சென்ட்ரலில் இறங்கி நடந்தால் தீவுத்திடல் அருகில்தான். மன்றோ சிலைப் பக்கமாகப் போய்க் கூவத்தைத் தாண்டினால் அண்ணா சாலையின் தலைப்பில் சிம்சன் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதை ஒட்டியே இந்து நாளிதழின் அலுவலகம். 1963-இல் பத்திரிகைக் கட்டுகளை வெளியூருக்கு அனுப்புவதற்கென்று சொந்தமாக விமானங்களை வாங்கிய நாளிதழ் அது. இந்தியாவில் வேறு எந்த நாளிதழும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. விமானம் கட்டியவரும் விமானத்தில் பத்திரிகை அனுப்பியவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. உள்ளே விட மாட்டார்கள், இரண்டும் இயங்கும் அலுவலகங்கள். நடைபாதையில் நின்று பார்ப்பதோடு சரி.

அதே சாலையில் சற்றுத் தெற்கே அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகம். தபால் தலை சேர்ப்பவர்களுக்கான தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில், கடற்கரை நிலையத்துக்கு அருகே ராஜாஜி சாலையில், ராபர்ட் சிஷோம் வடிவமைத்த பொது அஞ்சலகம் 1884 முதல் இருந்துவருகிறது. கராச்சித் தபால் சென்னைக்கு வந்தது என்றால் அது வந்து சேர வேண்டிய நகரத்தின் தலைமைத் தபால் நிலையம் இதுதான். சிவப்புக் கட்டடத்தின் உள்கூடத்துக்குள் யாரும் போகலாம். சென்னைப் பட்டியலில் கதவு திறந்திருக்கும் இடம் என்று நான் தயக்கமில்லாமல் சொல்வது இதை மட்டுமே.

பிறகு மீனம்பாக்கம். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் களமாக இருந்து விமான நிலையமாக வளர்ந்த இடம். முதல் பயணிகள் முனையம் களத்தின் வடகிழக்கு ஓரத்தில், மீனம்பாக்கத்தை ஒட்டி இருந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் 'மீனம்பாக்கம் ஏர்போர்ட்' என்றே சொல்வதற்கு அதுதான் காரணம். 1980-களில் பயணிகள் போக்குவரத்து திரிசூலம் பக்கம் கட்டப்பட்ட காமராஜர், அண்ணா முனையங்களுக்கு மாறிவிட்டது. பழைய முனையம் சரக்குக்குப் போனது. 1949 ஜனவரி இறுதியில் தொடங்கிய இரவுத் தபால் சேவையின் நான்கு முனைகளில் இது ஒன்று. டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கிலிருந்தும் கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பும். மாலையில் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் காலை டெல்லியில் இருந்தது. இன்றைய கூரியர்காரர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பழைய முனையத்தை அருகில் போய்ப் பார்க்க முடியாது. சரக்கு வளாகத்தின் வாசலில் காவலர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. அதற்கு மாற்று பரங்கிமலை. போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய தேவாலயம் இருக்கும் அந்தக் குன்றின் மேலிருந்து மொத்தக் களமும் தெரியும். துணை ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்ததற்கு ஆற்றோடு இருக்கும் இந்த நெருக்கம் ஒரு காரணம் என்பது மேலிருந்து பார்த்தால் விளங்கிவிடும். களத்தைப் படம் எடுக்கத் தடை இருக்கும் பகுதி இது, கேமராவைக் கடலை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள்.

செலவைப் பார்ப்போம். ஏலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் போய் அதே வண்டியில் மாலையில் திரும்பலாம். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு, சோளிங்கர் என்று நம் ஆட்கள் தினமும் வேலைக்குப் போகிற வண்டிதான். சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ இருக்கிறது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் பரங்கிமலை, மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று நிலையங்களே கதையை வரிசைப்படுத்திவிடுகின்றன. பஸ்ஸில் கோயம்பேட்டில் இறங்குகிறவர்கள் வரிசையைத் தலைகீழாக்கி ஆலந்தூர் வழியாக விமான நிலையத்தை முதலில் முடிக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு பணமல்ல, கிழமை. ஞாயிற்றுக்கிழமை அஞ்சலகம் மூடியிருந்தால் தபால் தலைக்காரருக்குப் பாதிப் பயணம் வீண். 1932 விமானத்தின் நினைவு நாளில் போகலாம் என்று அக்டோபர் நடுவில் கிளம்பினால், வடகிழக்குப் பருவமழையும் அதே வாரங்களில்தான் சென்னைக்கு வருகிறது. ஜனவரி, பிப்ரவரி நல்லது. இன்னொரு செலவு உங்கள் கற்பனை. கண்ணால் பார்ப்பது குறைவு, சொல்லித் தெரிந்துகொள்வது அதிகம். போகுமுன் படித்துவிட்டுப் போகாதவர்களுக்கு இது ஒரு சாதாரண வெயில் நடை.

## மும்பை

வரலாற்றின் கனத்தை மட்டும் பார்த்தால் மும்பைக்குத்தான் முதலிடம். 1928-இல் தொடங்கிய ஜுஹு, இந்தியாவின் முதல் பொது விமானக் களம். ஜே.ஆர்.டி. 1929 பிப்ரவரி 10 அன்று பெற்ற விமானி உரிமத்தின் எண் 1. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அது. 1933-இல் டாடாவின் விமானங்கள் 1,60,000 மைல் பறந்து ஏற்றிச்சென்ற பயணிகள் 155 பேர். ஆண்டு முழுவதும் 155 பேர்! அன்றைக்குச் சோறு போட்டது தபால்தான், பயணிகள் ஒப்புக்கு இருந்தார்கள் என்பது இந்த எண்ணில் தெரிந்துவிடுகிறது. 1948 ஜூன் 8 அன்று மலபார் பிரின்சஸ் என்ற விமானம் மும்பையிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 1953-இல் விமான நிறுவனங்கள் அரசுடைமையாயின. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடமே திரும்பி வந்தது.

இத்தனையும் படிக்க நன்றாக இருக்கிறது. போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? ஜுஹு இன்று ஹெலிகாப்டர்களின் களம். சுற்றுச்சுவருக்கு வெளியே நிற்கலாம். அதற்கும் மும்பையின் பெரிய விமான நிலையமான சாந்தாகுரூஸுக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும். 1953-இல் பிரிட்டிஷ் நிறுவனத்தின் காமெட் ஜெட் ஒன்றும், 1972-இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஒன்றும், சாந்தாகுரூஸ் என்று நினைத்து இந்தச் சின்னக் களத்தில் இறங்கிவிட்டன. முதலாவது சில நாள்களில் பறந்து வெளியேறியது. இரண்டாவது அதோடு சரி, ஆனால் உயிரிழப்பு இல்லை. நாரிமன் பாயிண்டில் 1974-இல் எழுந்த 23 மாடி ஏர் இந்தியா கட்டடத்தை மகாராஷ்டிர அரசு வாங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பதற்குக் கடற்கரைச் சாலை நடையே போதும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் குவிகின்றன. அரக்கோணம் வழியாகப் போகும் மும்பை ரயில்களில் ஏறினால் போக ஏறத்தாழ ஒரு முழு நாள், வர ஒரு நாள். தங்கும் அறை நம் ஊர்க் கணக்குக்குக் கட்டுப்படியாகாது. ஜுஹுவும் நாரிமன் பாயிண்டும் நகரத்தின் இரு கோடிகள், நடுவே புறநகர் ரயில் நெரிசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைத்தே பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் மழை வந்தால் ஜுஹு திடல் மூழ்கி, டாடாவே புனேக்கு மாறிக்கொண்டார். மும்பையில் மகனோ மகளோ வேலையில் இருந்து, எப்படியும் போகப் போகிறீர்கள் என்றால் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். இதற்காக மட்டும் போக வேண்டாம். போகிற வண்டி குண்டக்கல் வழியாகப் போகும். வின்சென்ட் இறங்கிய பெல்லாரி அங்கிருந்து கிட்டத்தில்தான் என்பதை ஜன்னலோரம் நினைத்துக்கொண்டால் டிக்கெட்டின் ஒரு பங்கு வசூலாகிவிடும்.

## கொழும்பு

இந்தப் பெயரைச் சொன்னதும் 'வெளிநாடாயிற்றே' என்று பின்வாங்குகிறார்கள். நான்கு ஊர்களில் தமிழ்நாட்டோடு மிக நெருங்கிய விமான உறவு கொண்டது கொழும்புதான் என்பது என் கணிப்பு.

கொழும்பின் தெற்கே இரத்மலானை விமானக் களத்தில் 1935 நவம்பர் 27 அன்று முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்து போனது. ஓட்டியவர் டின்டேல் பிஸ்கோ, மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். ஓட்டியது அதே புஸ் மாத் வகை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அனுப்பியது. அந்த டக்கோட்டா வகை விமானத்தின் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து கிளம்பும் விமானத்துக்குச் சீதையின் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, இல்லையா என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். காங்கேசன்துறை என்றது இன்றைய பலாலி. 2019 முதல் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம், சென்னையிலிருந்து நேரடி விமானமும் அந்த ஆண்டிலேயே தொடங்கியது.

1960-களின் பின்பாதியில் சர்வதேசப் போக்குவரத்து கட்டுநாயக்காவுக்கு மாறிவிட, இரத்மலானை தப்பித்தது. பெரிய ஜெட்டுகளுக்காக அதை இடித்துக் கட்ட வேண்டிய தேவை வரவில்லை. மீனம்பாக்கத்துக்கு வாய்க்காத அதிர்ஷ்டம் இது. இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பழைய கொட்டகைகளுக்குள் உண்மையான விமானங்கள் நிற்கின்றன, பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்க்கலாம். விமானப்படை நடத்துவதால் போர் விமானங்களின் பங்கு அதிகம் என்பதையும், அடையாள அட்டை கேட்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கடலை ஒட்டியே ஓடும் ரயில் இரத்மலானையில் நிற்கிறது.

அதே ரயில் பாதையில் காலியைத் தாண்டிப் போனால் கொக்கல. அங்குள்ள ஏரியிலிருந்து 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு இடைநிற்காமல் பறந்தன. ஜப்பானியர் கையில் சிங்கப்பூர் இருந்ததால் வேறு வழி இல்லை. வானொலியைத் திறக்காமல், நட்சத்திரங்களை வைத்துத் திசை பார்த்து, 27 முதல் 33 மணி நேரம் வரை. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்துவிடுவார்கள் என்பதால் 'இரட்டை உதயம்' என்றே பெயர். ஏரியைத் தவிர இன்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீருக்கு வேலி போட முடியாது என்பது ஒரு வசதி.

செலவு: பாஸ்போர்ட், முன்கூட்டியே எடுக்க வேண்டிய நுழைவு அனுமதி, வெளிநாட்டுப் பயணத்துக்கான விமான டிக்கெட். கட்டுநாயக்கா நகருக்கு வடக்கே, இரத்மலானை தெற்கே. இறங்கிய அன்றே பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு இரவாவது தங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்துப் போவது நடக்காத காரியம். ஒரு குடும்பம், நான்கைந்து பேர், எப்படியும் ஒரு வெளிநாட்டுப் பயணம் போகலாம் என்று சேமித்து வைத்திருப்பவர்கள் என்றால் சிங்கப்பூருக்குப் பதிலாக இதைப் பரிசீலியுங்கள். சென்னை – யாழ்ப்பாணம் விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு வந்தால் 1947-இன் பாதையை ஏறத்தாழ எதிர்த்திசையில் பின்பற்றியதாகும். இரண்டும் ஓடுகிற நாள்களைச் சரிபார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

## திருவனந்தபுரம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் செய்துகொண்ட கோதவர்ம ராஜா விமானம் ஓட்டத் தெரிந்தவர். அவருடைய முயற்சியில் 1932-இல் ஃபிளையிங் கிளப்பின் கீழ் களம் உருவானது. 1935 நவம்பர் 1 அன்று டாடாவின் விமானம் மும்பைத் தபாலோடு தொடர்பை ஏற்படுத்தியது. சங்குமுகம் கடற்கரையில் உட்கார்ந்தால் விமானங்கள் தலைக்கு மேல் இறங்குவதைக் காசில்லாமல் பார்க்கலாம். அவ்வளவுதான் வணிகக் கதை.

ஆனால் காட்பாடியில் மாலையில் ஏறினால் காலையில் அங்கே. பக்கத்தில் தும்பா இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியபோது அலுவலகமாக இருந்த தேவாலயமே இன்று விண்வெளி அருங்காட்சியகம். விமானத்துக்காகப் போய் ராக்கெட்டில் முடிவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சபரிமலைக்கோ கன்னியாகுமரிக்கோ போகிறவர்கள் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | சென்னை | மும்பை | கொழும்பு | திருவனந்தபுரம் |
|---|---|---|---|---|
| இடத்திலேயே எஞ்சியவை | சிம்சன் கட்டடம், பொது அஞ்சலகம், பழைய முனையம் | ஜுஹு களம், நாரிமன் பாயிண்ட் கட்டடம் | இரத்மலானைக் களம், கொக்கல ஏரி | களம் மட்டும் |
| கிட்டப் போக | அஞ்சலகத்துக்குள் போகலாம், மற்றவை வெளியிலிருந்து | பெரும்பாலும் சுவருக்கு வெளியே | அருங்காட்சியகத்துக்குள் போகலாம் | கடற்கரையிலிருந்து |
| வணிகக் கதை | நிறைய | மிக நிறைய | நிறைய, ஆனால் காட்சியில் போர் விமானம் அதிகம் | கொஞ்சம் |
| காட்பாடியிலிருந்து | காலை போய் இரவு வீடு | நான்கு நாளாவது | மூன்று நாளாவது | இரண்டு இரவு ரயிலில் |
| தவிர்க்க வேண்டிய காலம் | அக்டோபர் – டிசம்பர் | ஜூன் – செப்டம்பர் | மழைக்காலம் | மழைக்காலம் |
| மறைந்த செலவு | ஞாயிறு விடுமுறை, முன்படிப்பு | தங்குமிடம், நகருக்குள் அலைச்சல் | நுழைவு அனுமதி, கூடுதல் இரவு | வேறு வேலையோடு சேர்த்தால்தான் கட்டுபடி |

## பட்டியலுக்கு வெளியே இரண்டு

பெங்களூரைக் கேட்காதவர்களே இல்லை. விமானம் கட்டும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.-இன் அருங்காட்சியகம் 2001 முதல் இருக்கிறது, நிறைய விமானங்கள், அழகான தோட்டம். ஆனால் அங்கே கடலும் இல்லை, தபால் கதையும் இல்லை. பெரும்பாலும் படைக்கான விமானங்கள். 'பிள்ளைகள் ஒரு விமானத்தையாவது கிட்டப் பார்க்க வேண்டும்' என்பது மட்டுமே நோக்கம் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டுப் பெங்களூருக்குப் போங்கள்.

இன்னொன்று விசாகப்பட்டினம். கடற்கரைச் சாலையில் நிற்கும் டியு-142 விமானம் 2017-இல் ஓய்வு பெறும்வரை நம் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்த வகை. நெமிலி, பனப்பாக்கம் பக்கத்து ஆட்களுக்கு அந்த இரைச்சல் பழக்கமானது. அரக்கோணத்தில் வேலிக்கு வெளியே நின்றவர்கள் அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு வயிற்றுக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாம். வணிக விமானம் அல்ல என்பதால் அட்டவணையில் சேர்க்கவில்லை. அரக்கோணத்துக்காரராக இருந்தால் என் விதியை நீங்கள் மீறிக்கொள்ளலாம்.

## கேட்டவர்களுக்கு

ராணிப்பேட்டைத் தபால் தலைக்காரருக்குச் சென்னைதான், அதுவும் அஞ்சலகம் திறந்திருக்கும் வேலை நாளில். 1929-இல் நாசிக்கில் அச்சாகி வெளிவந்த விமானத் தபால் தலைகள் உங்கள் ஆல்பத்தில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த மூன்று எஞ்சின் விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு அண்ணா சாலையில் நடப்பது தனி அனுபவம். மீனம்பாக்கத்தை நீங்கள் விட்டுவிட்டாலும் நட்டமில்லை. பரங்கிமலைப் படிகள் முழங்காலுக்கு ஆகாது.

காட்பாடி மாணவர்களும் சென்னையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் வரிசையை மாற்றி. பரங்கிமலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு, மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வந்து, தீவுத்திடலையும் சிம்சனையும் நடந்து பாருங்கள். வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் கொழும்பைப் பற்றி யோசிக்கலாம்.

குடியாத்தம் ஆசிரியைக்குச் சொல்வது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சென்னை முழு நாளும் தாங்காது. வேலிக்கு வெளியே நின்று 'இங்கேதான் ஒரு காலத்தில்' என்று நான்காவது முறை சொல்லும்போது பின்வரிசை கலைந்துவிடும். அரை நாளுக்குப் பொது அஞ்சலகமும் பரங்கிமலையும் போதும், மீதி அரை நாளைக் கடற்கரைக்கு விடுங்கள். அஞ்சலகத்துக்குள் கூட்டமாகப் போவதற்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். முடிந்தால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அங்கே போடட்டும். எத்தனை நாளில் குடியாத்தம் வந்து சேருகிறது என்று பள்ளியில் கணக்கு வைத்து, இரவுத் தபால் காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.